பத்து வருடம் காப்பர்-டி: பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்தவளின் அனுபவம்

2014 மார்ச்சில் கருப்பைக்குள் போட்டுக்கொண்ட காப்பர்-டி என்ற கருத்தடைச் சாதனத்தை 2024 ஜனவரியில் எடுத்தேன். நடுவில் ஒரு நாள்கூட எடுத்துவிடலாம் என்று தோன்றவில்லை. ஆனாலும் நான் உண்மையில் கேட்டது அதை இல்லை, குடும்பக் கட்டுப்பாடு (கு.க.) ஆபரேஷனை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கோவையில் இருக்கிறேன், வயது 39. குழந்தை வேண்டாம் என்பது நானும் என் கணவரும் கல்யாணத்துக்கு முன்பே பேசி எடுத்த முடிவு. காரணத்தை விளக்கப் போவதில்லை. பெற்றுக்கொள்கிறவர்களிடம் யாரும் காரணம் கேட்பதில்லையே.

2011-இல் கல்யாணம். முதல் இரண்டு வருடம் சஹேலி என்ற கருத்தடை மாத்திரை. லக்னோவில் மத்திய அரசின் மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த மருந்து அது, ஹார்மோன் கிடையாது. இப்போது அரசு ஆஸ்பத்திரிகளில் சாயா என்ற பெயரில் இலவசமாகத் தருகிறார்கள். முதல் மூன்று மாதம் ஞாயிறும் புதனும், அப்புறம் ஞாயிறு மட்டும். குமட்டல், தலைவலி எதுவும் எனக்கு வரவில்லை. ஆனால் மாதவிலக்கு தள்ளிப்போகும். மாத்திரையின் இயல்பே அதுதான் என்று தெரியும், தெரிந்தும் மனசு கேட்காது. ஒருமுறை 52 நாள் ஆனது. அந்த மாதத்தில் மட்டும் நாலு டெஸ்ட் கார்டு வாங்கினேன். அந்தப் பதற்றம் தாங்காமல்தான் மாத்திரையை விட்டுவிட்டு ஆணுறைக்கு மாறினோம்.

2014 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. 72 மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்ளும் அவசரக் கருத்தடை மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம், இந்தியாவில் அதற்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் பெரும்பாலான மருந்துக் கடைகளில் அதை வாங்கி வைப்பதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஆறு கடை ஏறி இறங்கினார். "அதெல்லாம் நாங்க வைக்கிறதில்லைங்க" என்று ஆறு கடையிலும் ஒரே பதில். அதில் ஒருவர் அவரை ஏதோ குற்றவாளி மாதிரி மேலும் கீழும் பார்த்தாராம். கல்யாணமான, கையில் காசு இருக்கிற, நாலு விஷயம் தெரிந்த எங்களுக்கே இந்தக் கதி என்றால் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி அந்தக் கவுண்டர் முன்னால் எப்படிப் போய் நிற்பாள்? பத்து வருடம் ஆகியும் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் கோபம் வருகிறது.

திங்கட்கிழமை பார்த்த மகப்பேறு மருத்துவர்தான் சொன்னார்: ஐந்து நாளைக்குள் காப்பர்-டி போட்டால் அதுவே அவசரக் கருத்தடையாகவும் வேலை செய்யும், மாத்திரையைவிட நிச்சயமானது. சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் தயங்கினார், இன்னும் குழந்தை பெறாத பெண் என்று. "குழந்தை பெறாதவர்களுக்கு காப்பர்-டி போடக் கூடாது" என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி வரையறையில் அப்படி இல்லை, பொதுவாகப் போட்டுக்கொள்ளலாம் என்ற வகையில்தான் வைத்திருக்கிறார்கள். யாராவது உங்களை இதைச் சொல்லித் திருப்பி அனுப்பினால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.

போடும்போது வலித்தது. லேசான வலி என்று பொய் சொல்ல மாட்டேன். கருப்பையின் நீளத்தை அளக்க ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விடுவார்கள். அந்த நொடியில் அடிவயிற்றை யாரோ பிடித்து முறுக்கின மாதிரி இருந்தது, நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. பக்கத்தில் நின்ற சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு "மூச்சை இழுத்து விடுங்கம்மா, ஆச்சு ஆச்சு" என்றார். மொத்தமே ஐந்து நிமிடம். பிறகு ஒரு அட்டை கொடுத்தார்கள், போட்ட தேதி ஒரு பக்கம், எடுக்க வேண்டிய வருடம் ஒரு பக்கம். 2024 என்று எழுதியிருந்ததைப் பார்த்தபோது, வலியோடு வலியாக, பெரிய நிம்மதி. நான் போட்டுக்கொண்ட 380ஏ வகை காப்பர்-டிக்கு ஆயுள் பத்து வருடம்.

முதல் ஆறு மாதம் கஷ்டம்தான். மூன்று நாள் இருந்த மாதவிலக்கு ஏழு நாள் ஆனது. இரண்டாம் நாளில் ஆபீசுக்கு மாற்றுச் சுடிதார் எடுத்துப்போவேன். வலிக்கு மெஃபனமிக் ஆசிட் மாத்திரை. 12-க்கு மேல் இருந்த ஹீமோகுளோபின் 9.4-க்கு இறங்கியது, மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டுத்தான் மேலே ஏறியது. ஏற்கெனவே ரத்தசோகை இருப்பவர்கள் இதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு வருடம் தாண்டியதும் உடம்பு பழகிவிட்டது. மாதம் ஒருமுறை காப்பர்-டியின் நூல் தட்டுப்படுகிறதா என்று விரலால் பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான். 2020 ஊரடங்கில் தெரிந்த பெண்கள் மாத்திரைக்கு அலைந்தபோது நான் அப்படி ஒன்று இருப்பதையே மறந்திருந்தேன்.

இனி நான் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். 2016-இல், 31 வயதில், கு.க. ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சம்மதப் படிவத்தைக் கொடுத்தார்கள். உயிருடன் உள்ள ஆண் குழந்தைகள் எத்தனை, பெண் குழந்தைகள் எத்தனை, கடைசிக் குழந்தையின் வயது என்ன என்று வரிசையாகக் கோடு போட்ட இடம். சைபர், சைபர் என்று எழுதிவிட்டு மூன்றாவது கோட்டில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். சிஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு படிவத்தை வாங்கிக்கொண்டார். "குழந்தை இல்லாம எப்படிம்மா? சண்டை கிண்டை போட்டுட்டு வந்துட்டியா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மத்திய அரசின் கருத்தடை அறுவை சிகிச்சை விதிமுறையே அப்படி. பெண் கல்யாணம் ஆனவளாக இருக்க வேண்டும், வயது 22 முதல் 49-க்குள், ஒரு வயது தாண்டிய குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும். மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. ஆணுக்கும் கல்யாணம், குழந்தை நிபந்தனை உண்டு. கணவர் கையெழுத்து தேவையில்லை என்றும் அதே விதியில் இருக்கிறது, ஆனால் நான் போன இடத்தில் எல்லாம் முதலில் கேட்டது அந்தக் கையெழுத்தைத்தான். 34 வயதில் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருக்கும் என் தோழிக்கு வாசற்படியே கிடையாது.

எங்கள் வீட்டில் வேலை செய்த பெண்ணுக்கு அதே வருடம் இரண்டாவது பிரசவம். வயது 23. பிரசவ வார்டில் படுத்திருந்தவளிடம் காலையும் மாலையும் "அப்படியே ஆபரேஷன் பண்ணிக்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். அவளுக்கு யோசிக்க நேரம் வேண்டும், கிடைக்கவில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் முகாமில் கு.க. செய்துகொண்ட பெண்கள் பத்துப் பேருக்கு மேல் செத்துப்போனது நினைவிருக்கும். அதன் பிறகுதான், 2016-இல், இந்த மாதிரி முகாம்களை மூன்று வருடத்துக்குள் நிறுத்தச் சொன்னது உச்ச நீதிமன்றம். யோசித்து முடிவெடுத்து வந்து நிற்கும் எனக்கு முடியாது என்கிறார்கள், யோசிக்க அவகாசம் கேட்கும் அவளை விரட்டுகிறார்கள். இரண்டு பேரிடமும் "உனக்கு என்னம்மா வேணும்?" என்று யாரும் கேட்கவில்லை. பெரியார் 1930-களிலேயே கர்ப்பத்தடை பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்று சொன்ன ஊர் இது. பிள்ளை பெறாமல் இருப்பதும் தனிமனித சுதந்திரத்தில் சேர்ந்ததுதான் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் சொல்லிவிட்டது. அந்தப் படிவத்துக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை.

முப்பது வயதுக்கு முன் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பின்னால் வருத்தப்படுவது அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. டாக்டர்களின் கவலை எனக்குப் புரிகிறது. அப்படியென்றால் இன்னும் ஆறு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள், மூன்று தடவை உட்கார வைத்துப் பேசுங்கள். கதவைச் சாத்தாதீர்கள்.

2023-இல், அட்டையில் எழுதிய வருடம் நெருங்கும்போது, என் கணவர் "இந்தத் தடவை நான்" என்றார், ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனான வாசெக்டமியைச் செய்துகொள்வதாக. விஷயம் தெரிந்ததும் அத்தை அழுதுவிட்டார். "ஆம்பளைக்கு எதுக்கு கண்ணு? நீயே இன்னொண்ணு போட்டுக்கயேன்." அவர் இளவயதில் பார்த்தது எமர்ஜென்சி. 1976-77 ஒரே வருடத்தில் நாடு முழுக்க அறுபது லட்சம் ஆண்களுக்கு மேல் ஆபரேஷன் செய்தார்கள், எத்தனையோ பேருக்குக் கட்டாயப்படுத்தி. அந்தப் பயம் அவரை விட்டுப் போகவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கு.க. செய்துகொண்டவர்கள், ஆண் செய்துகொண்டது 0.3 சதவீதம்.

இரண்டு டாக்டர்கள் மறுத்தார்கள். மூன்றாமவர், ஒரு தனியார் சிறுநீரகவியல் மருத்துவர், எங்கள் இருவரிடமும் தனித்தனியாகப் பேசினார். இதைத் திரும்பச் சரிசெய்ய முடியும் என்று நம்பி வராதீர்கள் என்றார். ஒரு மாதம் கழித்தும் இதே மனநிலை இருந்தால் வாருங்கள் என்று அனுப்பினார். போனோம். கைப்பட உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டு செய்தார். தழும்பில்லாத வாசெக்டமி, மரத்துப்போக ஊசி, சின்னதாக ஒரு துளை, தையல் கிடையாது. இருபது நிமிடத்தில் நடந்து வெளியே வந்தார். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பாரம் தூக்கவில்லை. உடனே பலன் கிடைத்துவிடாது என்பதை மறக்காதீர்கள். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று வரும்வரை வேறு பாதுகாப்பு வேண்டும். எங்களுக்கு அதற்கும் காப்பர்-டிதான் காவலாக இருந்தது.

ரிப்போர்ட் வந்த அடுத்த வாரம் எடுக்கப் போனேன். "ஒரு தடவை இருமுங்க" என்றார் டாக்டர். இருமி முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டது. ட்ரேயில் கிடந்ததை எட்டிப் பார்த்தேன். தீக்குச்சியைவிடச் சின்னது, செம்பு பாதி கறுத்திருந்தது. அடுத்த மாதவிலக்கு மூன்றாம் நாளே நின்றுவிட்டது.