உயிர் காலேஜ் முதல் வண்டலூர் வரை: ஒரு வண்ணாரப்பேட்டைக்காரரின் அனுபவம்

சென்ட்ரல் அருகே இருந்த பழைய மிருகக்காட்சி சாலை, இப்போதைய வண்டலூர் பூங்கா இரண்டுக்கும் போய்ப் பழகியவன் நான். பூங்கா இடம் மாறியதில் வடசென்னைக்கு இழப்பு உண்டு. ஆனாலும் மாற்றியது சரி என்றே உறுதியாகச் சொல்வேன்.

முதலில் இழப்பைப் பற்றி. பழைய காட்சி சாலை மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து தங்கசாலை, வால்டாக்ஸ் சாலை வழியாக நடந்தே போய்விடலாம். கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளைகளும் புலியைப் பார்த்து வளர்ந்தார்கள். எங்கள் வட்டாரப் பெரியவர்களுக்கு அது 'உயிர் காலேஜ்'. பாடம் செய்த விலங்குகள் நிற்கும் எழும்பூர் அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்'. காணும் பொங்கல் என்றால் இரண்டுக்கும் கூட்டம் கூட்டமாகப் போவார்கள்.

உண்மையில் இரண்டும் ஒரே வளாகத்தில் உடன்பிறந்தவை. அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர், உயிருள்ள விலங்குகளைப் பார்க்க மக்கள் திரள்வதைக் கவனித்து, கர்நாடக நவாபிடம் பேசி அவருடைய விலங்குகளைக் கேட்டு வாங்கினார். 1855இல் எழும்பூரில் தொடங்கிய காட்சி சாலையில் மறு ஆண்டே 360 விலங்குகள் சேர்ந்துவிட்டன. இடம் போதாமல் 1863இல் சென்ட்ரல் அருகே இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றினார்கள். 116 ஏக்கர் பரந்திருந்த அந்தப் பூங்காவை ரயில் நிலையம், மூர் மார்க்கெட், ரிப்பன் கட்டடம், விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக வந்து சுருக்கிவிட்டன. இன்று மிஞ்சியிருப்பது மை லேடீஸ் பூங்கா போன்ற சில துண்டுகள்தான்.

நான் சிறுவனாகப் பார்த்த எழுபதுகளில், கம்பிக்குப் பின்னால் சிங்கம் நான்கு எட்டு நடந்து திரும்பும். மறுபடியும் நான்கு எட்டு. சுற்றிலும் பஸ் இரைச்சலும் புகையும். அப்போது அது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. இன்று அதை நினைத்தால் மனம் கனக்கிறது. அருகில் பார்த்த அந்தச் சுகத்துக்கு விலை கொடுத்தது சிங்கம்.

1979இல் வண்டலூர் காப்புக்காட்டில் வேலை தொடங்கியது. 1985 ஜூலை 24 அன்று அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்துவைத்தார். முட்புதர் மண்டிக் கிடந்த நிலத்தில் மரக்கன்றுகளை நட்டு வளர்த்தே அந்த நிழலை உண்டாக்கினார்கள். இப்போது மொத்தப் பரப்பு 602 ஹெக்டேர். கூண்டுகளுக்குப் பதிலாக அகழி. புலிக்கும் நமக்கும் நடுவே பள்ளமோ தண்ணீரோ இருக்கும், அதன் பக்கத்தில் மரமும் புல்லும் இருக்கும். நம் கண்ணில் படாமல் ஒதுங்கிக்கொள்ளவும் அதற்கு இடமுண்டு.

முதல்முறை போகிறவர்கள் பலர் இதைத்தான் குறையாகச் சொல்கிறார்கள்: "இவ்வளவு தூரம் வந்தும் புலி தெரியவில்லை." நான் இதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. மதிய வெயிலில் புதர் நிழலில் படுக்காத புலி ஏது? காலையில் கதவு திறக்கும் நேரத்துக்குள் போய்விட வேண்டும். எல்லாவற்றையும் பார்த்துவிட ஓடாமல், ஓரிடத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். சிங்கவால் குரங்குகள் குட்டியை மாற்றி மாற்றித் தூக்குவதை அப்படி நின்றுதான் பார்த்தேன். கத்தி அழைப்பதும் கல் எறிவதும் வேண்டவே வேண்டாம். இதைச் செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

நல்ல மழை பெய்த ஆண்டில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உள்ளேயிருக்கும் ஓட்டேரி ஏரிக்குக் கட்டாயம் போங்கள். நீர்க்காகங்களும் நாரைகளும் மரங்களை நிறைத்திருக்கும். கூண்டும் இல்லை, அகழியும் இல்லை, அவையாக வந்து தங்கிய பறவைகள். பூங்கா முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

நொடிந்த காலங்களும் உண்டு. 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அதன்பின் போனபோது, நிழலாக இருந்த பாதைகள் வெட்டவெளியாகக் கிடந்தன. 2021 ஜூனில் கொரோனா சிங்கங்களையும் தொற்றி, நீலா என்ற பெண் சிங்கம் இறந்துபோனது. செய்தியைப் படித்த அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் பக்கத்திலிருந்து போக ரயிலே மேல். பீச் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டியைப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். வண்டலூரில் இறங்கி ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையைக் கடந்தால் நுழைவாயில் பக்கம்தான். செவ்வாய்க்கிழமை விடுமுறை. நடக்க முடியாத முதியவர்களுக்கு பேட்டரி வண்டி உண்டு. காணும் பொங்கலன்று மட்டும் போகாதீர்கள், மனிதத் தலைகளைத் தவிர வேறெதுவும் தெரியாது.

தினக்கூலி வாங்கும் குடும்பத்துக்கு ரயில் கட்டணம், நுழைவு டிக்கெட், ஒருநாள் சம்பள இழப்பு எல்லாம் சேர்ந்தால் பெரிய சுமை. தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் புலியைப் படத்தில் மட்டுமே பார்த்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்பகுதிப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது, ஏரியில் தண்ணீர் இருக்கும் மாதத்தில், அவர்களை அங்கே அழைத்துப் போக வேண்டும். துணைக்கு ஆள் தேவையென்றால் நான் வருகிறேன்.