நாற்பதைத் தாண்டி முனைவர் பட்டம்: முழுநேரமா, பகுதிநேரமா?

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க நினைக்கும் நடுவயதினர் முதலில் தடுமாறுவது இதில்தான்.

காலம்: பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) விதிப்படி இரண்டுக்கும் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6, பெண்களுக்கு மேலும் 2.

பணம்: முழுநேரத்தில் சம்பளம் நிற்கும். ஜே.ஆர்.எஃப். என்ற மத்திய அரசின் ஆய்வு உதவித்தொகைக்கு வயது வரம்பு பொதுப்பிரிவுக்கு 30. அதை நம்பி இறங்க வேண்டாம். பகுதிநேரத்தில் சம்பளம் தொடரும்.

சான்று: பகுதிநேரத்துக்கு அலுவலகத் தடையின்மைச் சான்று கட்டாயம். 'ஆட்சேபணை இல்லை' என்ற ஒற்றை வரி போதாது. ஆய்வுக்கு நேரம் கிடைக்கும், பாடநெறிக்குத் தேவைப்பட்டால் பணியிலிருந்து விடுவிப்போம் என்றும் எழுதி வாங்குங்கள்.

களம்: செட்டிநாட்டு வீடுகளின் பழைய பேரேடுகளை ஆராய முழுநேரமே நல்லது. விசேஷத்துக்கு மட்டுமே பூட்டுத் திறக்கும் வீடுகள் பல. பூச்சி அரித்த தாளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படமெடுக்க ஞாயிற்றுக்கிழமைகள் பற்றாது. பள்ளிக்கல்வி, மேலாண்மை என்றால் பகுதிநேரமே தாராளம். உங்கள் பணியிடமே களம்.