‘டவுட்’டுக்கும் ‘சஸ்பெக்ட்’டுக்கும் நடுவில் மூன்று மாதம்: மார்த்தாண்டத்து ஓஇடி வகுப்பு எப்படி?

மார்த்தாண்டத்தில் நர்ஸ்களுக்கு ஓஇடி (வெளிநாட்டு வேலைக்காக மருத்துவத் துறையினர் எழுதும் ஆங்கிலப் பரீட்சை) சொல்லிக்கொடுக்கும் ஒரு மாடி வகுப்பில் மூன்று மாதம் படித்தேன். பரீட்சையும் எழுதி ரிசல்ட்டும் வந்துவிட்டது. சேரலாமா என்று வார்டில் கூட வேலை பார்க்கும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன். குறையும் சொல்லப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

எட்டு வருஷமாக நர்ஸ் வேலை, பாதி நாள் நைட் டூட்டி. இங்கிலாந்தில் இருக்கும் மைனி “நீயும் எழுது பிள்ளே, பயப்படாத” என்று சொல்லிச் சொல்லித்தான் சேர்ந்தேன். ஃபீஸ் 18,000 ரூபாய். ‘மெட்டீரியல்’ என்று தனியாக 1,500. அந்த மெட்டீரியல் ஒரு ஜெராக்ஸ் கட்டு. பல பக்கங்களில் கடைசி வரி பாதியோடு நிற்கும். வார நாள் வகுப்புகள் சுமார்தான், கிராமரை எந்த ஊர் சென்டரிலும் இப்படித்தான் எடுப்பார்கள்.

காசுக்குத் தகுந்தது சனிக்கிழமை மாலை வகுப்பு. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுத்து ரிட்டயர் ஆன ஒரு சார் வருவார். மற்றவர்கள் ஆங்கிலச் சொற்களை ஜோடி ஜோடியாகப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். இவர் போர்டில் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதிவிட்டு, “இது அங்க போனா எத்தனையா உடையும்?” என்று கேட்பார். முதல் வாரம் ‘கேள்’. டாக்டரிடம் கேட்டால் ஆஸ்க், பாட்டு கேட்டால் லிசன், பக்கத்து பெட்டில் முனகல் கேட்டால் ஹியர். நாம் ஒன்றை வைத்தே மூன்றையும் ஓட்டுகிறோம்.

நான் மாட்டியது ‘சந்தேகம்’ எழுதிய வாரம். இருமலும் காய்ச்சலுமாக வந்த ஒரு பெரியவரை ஸ்பெஷலிஸ்ட்டிடம் அனுப்புவதுபோல் லெட்டர் எழுதச் சொல்லியிருந்தார். ‘வி டவுட் நிமோனியா’ என்று எழுதிக் கொடுத்தேன். சார் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்போ இவருக்கு நிமோனியா இல்லேன்னு சொல்லுதீங்க.”

“இல்ல சார், இருக்குமோன்னுதான் சந்தேகம்.”

“அது உங்க மனசில இருக்கு மக்களே. தாள்ல இருக்கது நேர் எதிர்.”

டவுட் என்றால் ‘இருக்காது என்று நினைக்கிறேன்’ என்ற பக்கம் சாயும். சஸ்பெக்ட் என்றால் ‘இருக்கும் என்று நினைக்கிறேன்’. நம்முடைய சந்தேகம் இரண்டு பக்கமும் சாயும். ‘அவன் வருவானாங்கது சந்தேகம்தான்’ என்றால் டவுட், ‘அவன்தான் எடுத்திருப்பான்னு சந்தேகம்’ என்றால் சஸ்பெக்ட். எட்டு வருஷமாக ‘ஃப்ராக்சர் டவுட்’ என்று போனில் சொல்லியிருக்கிறேன், ஒரு டாக்டர்கூடத் தப்பாக எடுத்ததில்லை. அவர் தலைக்குள்ளும் அதே தமிழ்தானே ஓடுகிறது! அங்கே போய் அதே வாக்கியத்தை எழுதினால், எக்ஸ்ரே வேண்டாம் என்று அர்த்தமாகிவிடலாம். அன்று பஸ்ஸில் திரும்பும்போது இதே நினைப்புதான்.

அடுத்த வாரம் ‘மறுத்தார்’. மாத்திரை வேண்டாம் என்று தள்ளினால் ரெஃப்யூஸ். நெஞ்சு வலி உண்டா என்று கேட்டு, இல்லை என்றால் டினை. கேஸ் ஷீட்டில் ‘டினைஸ் செஸ்ட் பெயின்’ என்று இருந்தால் நோயாளி முரண்டு பிடித்தார் என்று அர்த்தமில்லை, வலி இல்லை என்றார், அவ்வளவுதான். அப்புறம் ‘மயக்கம்’. எங்க அம்மை ‘கிறக்கமா வருது’ என்றால் அறை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, விழுந்தே விட்டாரா என்று நான் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பேன். ஆங்கிலத்தில் டிஸி வேறு, ஃபெயின்ட் வேறு, நினைவே இல்லையென்றால் அன்கான்ஷியஸ். டோஸ், டோசேஜ் இரண்டையும் ஒரு மாத்திரைச் சீட்டை வைத்தே முடித்தார்: ஒரு தடவை விழுங்கும் 500 மில்லிகிராம் டோஸ், அதை எத்தனை வேளை, எத்தனை நாள் என்று சேர்த்துச் சொன்னால் டோசேஜ். ‘அட்வைஸ்’ மட்டும் எனக்கு இன்னும் தகராறு. பெயர்ச்சொல்லுக்கு ஒரு ஸ், வினைச்சொல்லுக்கு இன்னொரு ஸ். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே நிற்கும்.

சாருக்கு வழி மாறிப் போகிற பழக்கமும் உண்டு. ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே மேம்பாலத்தைக் காட்டி ‘பாலம்’ என்று எழுதியவர், பிரிட்ஜ், ஃப்ளைஓவர் எல்லாம் தாண்டி மாத்தூருக்கே போய்விட்டார். 1966இல் கட்டிய தொட்டிப்பாலத்தை நாமே ‘ஹேங்கிங் பிரிட்ஜ்’ என்று டூரிஸ்ட்டுகளுக்குச் சொல்கிறோம். அங்கே தொங்குவது எது? நூறு அடிக்கு மேல் உயரத்தில், தூண்கள்மேல் நிற்கிறது, மேலே தொட்டியில் தண்ணீர் ஓடுகிறது. ஆங்கிலத்தில் அக்விடக்ட். “நம்ம தாத்தாமார் வச்ச பேருதான் சரியான பேரு” என்றார். பரீட்சைக்கு இது தேவையே இல்லை, ஆனால் மறக்கவில்லை.

இனி குறைகள். 25 பேர் உட்காரும் அறையில் 42 பேர் இருந்தோம். பரீட்சையில் ஸ்பீக்கிங் என்பது ஆளுக்கு இரண்டு ரோல்-ப்ளே (நர்ஸும் நோயாளியும் பேசுவதுபோல் நடிப்பது), ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம். வகுப்பில் வாரத்துக்கு ஒன்று கிடைத்தாலே பெரிய காரியம். எழுதிக் கொடுத்த லெட்டர் திருத்தி வர ஒரு முறை 12 நாள் ஆனது. அதற்குள் நான் அதே தப்பை இன்னும் மூன்று லெட்டரில் செய்துவிட்டேன்.

வார நாள் டீச்சர் ஒருவர், உடம்பு சரியில்லை என்பதற்கு வரும் ‘இல்’, ‘சிக்’ இரண்டும் ஒன்றேதான் என்று சொல்லிக்கொடுத்தார். அன்று ராத்திரியே மைனியிடம் கேட்டேன். “இங்க ஒருத்தர் ‘ஐ ஆம் கோயிங் டு பி சிக்’ன்னா பாத்திரத்தை எடுத்துட்டு ஓடணும் பிள்ளே, வாந்தி வரப்போகுதுன்னு அர்த்தம்” என்றார். ஊரிலிருந்து கொண்டுபோன ஏத்தங்காய் சிப்ஸை வார்டில் நீட்டினால் அவர்கள் அதை கிரிஸ்ப்ஸ் என்கிறார்களாம். சிப்ஸ் என்றால் அங்கே சுடச்சுட உருளைக்கிழங்கு. இதையெல்லாம் ஃபீஸ் வாங்கினவர்கள் சொல்லியிருக்க வேண்டாமா?

என் ரிசல்ட்: லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 350க்கு மேல், ரைட்டிங் 340. இங்கிலாந்து நர்சிங் கவுன்சிலுக்கு முதல் மூன்றில் 350, ரைட்டிங்கில் 300 இருந்தால் போதும், அதனால் தப்பித்தேன். ரைட்டிங்கில் வந்தது பெரும்பாலும் சனிக்கிழமை சாரின் புண்ணியம் என்றுதான் சொல்வேன். ஆங்கிலத்தில் ஒரு பத்தியாவது தடுமாறாமல் வாசிப்பவர்கள் தாராளமாகச் சேரலாம். அதுவே கஷ்டம் என்றால் முதலில் வேறு எங்காவது ஆறு மாதம் படித்துவிட்டு வாருங்கள், இங்கே யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

சேரும்போதே சனிக்கிழமை வகுப்பு யார் எடுக்கிறார் என்று கேட்டுவிடுங்கள், சார் அவ்வப்போது லீவு போடுவார். ஜன்னல் ஓரம் உட்கார வேண்டாம். ஹாரன் சத்தத்தில் லிசனிங் ஆடியோ ஒன்றும் காதில் விழாது. கருங்கல் ஊர்ப் பக்கம் போகிறவர்கள் வகுப்பு முடியப் பத்து நிமிஷம் முன்னால் எழுந்து போனால் சார் ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் அன்றைய சொல்லைப் பக்கத்தில் இருப்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.