லேசிக், பிஆர்கே, ஸ்மைல், ஐசிஎல்: எதில் என்ன கெடும்?

கண்ணாடியைக் கழற்றிவிட முடிவு செய்தவருக்கு இன்று நான்கு அறுவை வழிகள் இருக்கின்றன. நான்கிற்கும் விளம்பரம் ஒன்றுதான்: வலிக்காது, பத்து நிமிடம், மறுநாள் வேலைக்குப் போகலாம். இந்த மூன்றும் ஓரளவு ஒன்றாகப் பொருந்துவது லேசிக்கிற்கு மட்டும்தான், அதற்கும் வேறு விலை உண்டு. ஒரு முறையை விட்டு இன்னொன்றுக்குப் போனால் ஆபத்து கரைந்து போவதில்லை, வேறு இடத்துக்குக் குடிபெயர்கிறது. அது எந்த இடத்தில் இருந்தால் உங்கள் கண் தாங்கும் என்று பார்ப்பதற்குத்தான் இந்த அலசல்.

முதலில் எது என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். லேசிக்கில் ஃபெம்டோ லேசரோ மைக்ரோகெரட்டோம் என்ற பிளேடு கருவியோ கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலமான கார்னியாவின் மேல்பகுதியில் 100 முதல் 110 மைக்ரான் தடிமனில் (பிளேடு என்றால் இன்னும் தடிப்பாக) ஒரு மூடியை வெட்டும். அதைப் புத்தகத் தாளைப் போலத் திருப்பிவிட்டு, அடியில் எக்சைமர் லேசரால் செதுக்கி, மறுபடி மூடிவிடுவார்கள். தையல் கிடையாது. பிஆர்கேயில் மூடியே இல்லை. மேல்தோலை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு நேராக மேற்பரப்பில் செதுக்குவார்கள். ஸ்மைலில் எக்சைமர் இல்லை. ஃபெம்டோ லேசர் கார்னியாவுக்குள்ளேயே சின்ன வில்லை ஒன்றை வெட்டிவைக்கும், அதை 2 முதல் 4 மி.மீ. கீறல் வழியாக மருத்துவர் கையால் பிரித்து உருவி எடுப்பார். ஐசிஎல் இந்த வரிசையில் சேராத ஆள். அதில் கார்னியாவைச் செதுக்குவதே இல்லை, ஐரிஸ் எனும் கருவிழிக்குப் பின்னால், இயற்கை லென்சுக்கு முன்னால் ஒரு மெல்லிய லென்சைச் செருகுகிறார்கள்.

லேசர் கண்ணைச் சுட்டுவிடுமோ என்ற பயம் தேவையற்றது. 193 நானோமீட்டர் எக்சைமர் கதிர் பக்கத்துத் திசுவைக் கருக்காமல் துல்லியமாகப் பெயர்த்தெடுக்கும் என்பதை 1981-லேயே ஐபிஎம் ஆய்வகத்தில் ரங்கசாமி சீனிவாசனும் கூட்டாளிகளும் கண்டுவிட்டார்கள். லேசர் பிசகுவது அபூர்வம். பிசகுவது பெரும்பாலும் காயம் ஆறும் விதம், அல்லது தொட்டிருக்கவே கூடாத கண்ணைத் தொட்டது.

மைக்ரான் கணக்கு

கார்னியாவின் நடுத் தடிமன் சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரை விடக் கொஞ்சம் அதிகம். இதிலிருந்துதான் எல்லாச் செலவும் போக வேண்டும். செதுக்கும் ஆழத்துக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: செதுக்கும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் வர்க்கப்படுத்தி, 3-ஆல் வகுத்து, பவரால் பெருக்க வேண்டும். 6.5 மி.மீ. வட்டம் என்றால் ஒரு டயாப்டருக்கு (பவரின் அலகு) 14 மைக்ரான். மைனஸ் 6 பவருக்கு ஏறத்தாழ 85.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் மைனஸ் 6. ஒருவருடைய கார்னியா 520 மைக்ரான், மற்றவருடையது 480. லேசிக்கில் மூடிக்கு 110, செதுக்கலுக்கு 85, ஆக 195 மைக்ரான் செலவு. முதலாமவருக்கு மூடிக்கு அடியில் 325 மிஞ்சும், இரண்டாமவருக்கு 285. அடியில் குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்ற பழைய விதிப்படி இருவருமே தேர்ச்சி. ஆனால் மூடியும் செதுக்கலும் சேர்ந்து மொத்தத் தடிமனில் 40 சதவீதத்தை எட்டக் கூடாது என்பது பின்னால் வந்த விதி. அதன்படி முதலாமவர் 37.5, தப்பித்தார். இரண்டாமவர் 40.6, தாண்டிவிட்டார். "உங்களுக்குத் தடிமன் போதும்" என்று யாராவது சொன்னால், எந்த விதிப்படி என்று கேளுங்கள்.

கணக்குத் தவறினால் வருவது எக்டேசியா. மெலிந்த கார்னியா கண்ணின் உள் அழுத்தத்தைத் தாங்காமல் மாதங்கள், ஏன், வருடங்கள் கழித்துக்கூட முன்னால் புடைக்கும். பவர் மறுபடி ஏறும், சிலிண்டர் பவர் கோணல்மாணலாக மாறும், கண்ணாடி போட்டாலும் தெளியாது. லேசிக் சிக்கல்களில் இது அரிது, ஆனால் மிக மோசமானவற்றில் ஒன்று. ரிபோஃப்ளேவின் சொட்டும் புற ஊதாக் கதிரும் கொண்டு செய்யும் கிராஸ்லிங்கிங் அதை மேலும் நகராமல் நிறுத்தும், போன பார்வையை முழுதாகத் திருப்பித் தராது. பெரும்பாலும் இது நேர்வது ஏற்கெனவே கெரட்டோகோனஸ் (கார்னியா மெலிந்து கூம்பாகப் புடைக்கும் நோய்) லேசாக ஒளிந்திருந்த கண்ணில். அதனால் வெறும் தடிமன் அளவு போதாது. கார்னியாவின் முன்பக்கத்தோடு பின்பக்க வளைவையும் காட்டும் டோமோகிராஃபி படம் வேண்டும். கண்ணை அடிக்கடி கசக்கும் பழக்கம் இருந்தால் மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

இந்த ஒரு கோணத்தில் பிஆர்கே தெளிவாக முந்துகிறது. மூடிக்கு 110 மைக்ரான் செலவில்லை, சுரண்டிய 50 மைக்ரான் மேல்தோல் மறுபடி வளர்ந்துவிடும். ஸ்மைலுக்கு மூடி இல்லை என்பதால் கார்னியா வலுவாகவே இருக்கும் என்கிறார்கள். முன்பகுதித் திசு வலுவானது, அது பெரிதும் வெட்டுப்படாமல் இருக்கிறது என்ற வரையில் அது நியாயம். ஆனால் அதே மைனஸ் 6-க்கு எடுக்கும் வில்லையின் நடுத் தடிமன் 100 மைக்ரானைத் தாண்டும். லேசிக் கூடாது என்ற கண்ணுக்கு ஸ்மைல் மாற்று வழி ஆகாது. ஸ்மைலுக்குப் பிறகும் எக்டேசியா பதிவாகியிருக்கிறது.

மூடி, கீறல், திறந்த காயம்

லேசிக்கின் வேகத்துக்கும் தொல்லைக்கும் காரணம் ஒன்றே: அந்த மூடி. மேல்தோல் கலையாததால் மறுநாளே பார்வை தெளிகிறது. ஆனால் மூடி ஓரத்தில் மட்டுமே உறுதியாக ஆறும், உள்ளே முன்புபோல் ஒட்டவே ஒட்டாது. முதல் சில நாட்களில் தூக்கத்தில் கண்ணைத் தேய்த்தால் மூடி நகர்ந்து மடிப்பு விழும். இரவில் பிளாஸ்டிக் கவசம் போடச் சொல்வது அதற்குத்தான். உடனே போனால் தூக்கி நீவிச் சரிசெய்யலாம், நாள் கடந்தால் மடிப்பு நிலைத்துவிடும். பல வருடம் கழித்து விரலோ மரக்கிளையோ குத்தி மூடி பெயர்ந்த நிகழ்வுகளும் உண்டு. குத்துச்சண்டை, மல்யுத்தம், கண்ணில் அடிபடக்கூடிய வேலை என்றால் பிஆர்கேதான், யோசிக்கவே வேண்டாம்.

மூடிக்கு அடியில் இன்னும் இரண்டு வம்புகள். ஒன்று, மேல்தோல் செல்கள் ஓரம் வழியாக உள்ளே புகுந்து வளர்வது. ஓரத்திலேயே நின்றால் பார்த்துக்கொண்டிருக்கலாம், நடுவை நோக்கி நகர்ந்தால் மூடியைத் தூக்கிச் சுரண்ட வேண்டும். மிஞ்சிய பவரைச் சரிசெய்யப் பழைய மூடியை மறுபடி தூக்கும்போதுதான் இது அதிகம் வரும். மற்றொன்று டிஎல்கே எனும் அழற்சி. முதல் சில நாட்களில், கிருமி எதுவும் இல்லாமலேயே, மூடியின் அடியில் மணல் தூவியது போல வெள்ளைப் படிவு தெரியும். ஸ்டீராய்டு சொட்டை அடிக்கடி விட்டால் பெரும்பாலும் அடங்கும், முற்றினால் மூடியைத் தூக்கிக் கழுவ வேண்டும். மறுநாள் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது என்பது இதற்காகத்தான்.

பிஆர்கேயில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. பதிலுக்கு வலி. இரண்டு மூன்று நாள் கண் எரியும், நீர் கொட்டும், வெளிச்சம் பார்க்க முடியாது. காயத்தை மூட பாண்டேஜ் லென்ஸ் எனும் கான்டாக்ட் லென்ஸ் போட்டு அனுப்புவார்கள். மேல்தோல் சுற்றிலுமிருந்து வளர்ந்து நடுவில் கூடும் நான்காம் ஐந்தாம் நாள் வாக்கில் பார்வை முன்னைவிட மங்கும். ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டது என்று பலர் பதறுவது அன்றைக்குத்தான். உண்மையில் அது காயம் மூடியதன் அடையாளம். அதே நாட்களில் வலி குறைவதற்குப் பதில் கூடினாலோ, கார்னியாவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ அது கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றே போக வேண்டும். மேல்தோல் இல்லாத கண்ணும் அதன்மேல் ஒரு லென்சும் தொற்றுக்குத் திறந்த கதவு. பார்வை முழுதாக நிலைக்க ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும்.

பிஆர்கேக்கே உரிய சிக்கல் ஹேஸ், அதாவது ஆறும்போது உருவாகும் வெண்மூட்டம். பவர் கூடக் கூட ஆபத்து கூடும். அதனால்தான் 0.02 சதவீத மைட்டோமைசின்-சி மருந்தை நனைத்த பஞ்சைச் சில நொடிகள் வைத்தெடுத்துக் கழுவுகிறார்கள். அதன்பின் ஸ்டீராய்டு சொட்டு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். வெயிலில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி கட்டாயம். பார்வை நன்றாகிவிட்டது என்று சொட்டைப் பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் ஹேஸோடு திரும்பி வருகிறார்கள்.

ஸ்மைலின் தொல்லைகள் பெரும்பாலும் ஆபரேஷன் மேசையிலேயே நிகழ்பவை. லேசர் அரை நிமிடம் வரை வெட்டும்போது கண் ஒரு கூம்பில் உறிஞ்சிப் பிடிக்கப்பட்டிருக்கும். நோயாளி கண்ணைச் சுருக்கினால் பிடி விட்டுப்போகும், எந்தக் கட்டத்தில் விட்டது என்பதைப் பொறுத்து மறுபடி தொடரலாம், அல்லது லேசிக்கிற்கோ பிஆர்கேக்கோ மாற வேண்டும், சில சமயம் ஒத்திவைக்க வேண்டும். அடுத்தது வில்லையைப் பிரிப்பது. மேல்தளத்தை முதலில் பிரித்து, பிறகு அடித்தளத்துக்குப் போக வேண்டும். கருவி தவறி முதலில் அடித்தளத்துக்குள் போய்விட்டால் வில்லை மேலே ஒட்டிக்கொண்டு தேட வைக்கும். அதன் துணுக்கு உள்ளே தங்கினால் பார்வை கோணலாகும். ஆக ஸ்மைலில் மெஷினின் பெயரைவிட மருத்துவர் எத்தனை செய்திருக்கிறார் என்பதே முக்கியம். பவர் கொஞ்சம் மிஞ்சினால் தூக்க மூடி இல்லை, பெரும்பாலும் மேலே பிஆர்கே செய்வதில்தான் முடியும்.

வறட்சி, இரவு வெளிச்சம்

கார்னியாவின் நரம்புகள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வருகின்றன. லேசிக் மூடியின் வெட்டு, சுற்றளவில் ஏறத்தாழ 20 மி.மீ. நீளத்துக்கு அவற்றை அறுக்கிறது. ஸ்மைலின் கீறல் அதில் ஒரு சிறு பங்கு. வறட்சியில் ஸ்மைலுக்கு உள்ள அனுகூலம் அங்கிருந்து வருகிறது. ஆனால் வில்லை எடுத்த இடத்திலும் நரம்பு அறுபடத்தான் செய்கிறது, "ஸ்மைலில் வறட்சியே வராது" என்பது பேச்சுக்குச் சொல்வது. லேசிக்கில் பெரும்பாலோருக்கு 6 முதல் 12 மாதத்தில் சரியாகும்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ முன்னின்று நடத்திய ப்ரவுல் ஆய்வுகளில், லேசிக்கிற்கு முன் வறட்சித் தொல்லையே இல்லாதவர்களில் 28 சதவீதம் வரை மூன்றாம் மாதத்தில் அதைச் சொன்னார்கள். ஒளிவட்டம், கூசல், இரட்டைப் பிம்பம் போன்ற எதுவுமே முன்பு இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை அதே கட்டத்தில் ஏதாவது ஒன்றைப் புதிதாகச் சொன்னார்கள். அன்றாட வேலைக்கே பெரும் இடைஞ்சல் என்றவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். முதல் எண்ணை மட்டும் சொல்பவர் பயமுறுத்துகிறார், கடைசி எண்ணை மட்டும் சொல்பவர் விற்கிறார்.

அந்தச் சிறுபான்மையில் ஒரு சிலருக்கு இருப்பது சாதாரண வறட்சி அல்ல, நரம்பு வலி. கண்ணீர் அளவு சரியாக இருக்கும், பரிசோதனையில் எதுவும் தெரியாது, கண் மட்டும் எரியும். மருத்துவமனையில் மரத்துப்போகும் சொட்டை விட்டுப் பார்ப்பார்கள். வலி நின்றால் சிக்கல் கண்ணின் மேற்பரப்பில், நிற்காவிட்டால் வலிப் பாதையின் மேல் மட்டத்தில். சிகிச்சை அதற்கேற்ப மாறும். இப்படிப்பட்டவரிடம் "எல்லாம் நார்மல்" என்று சொல்லி அனுப்புவதுதான் இந்தத் துறையின் மோசமான பழக்கம். ஏற்கெனவே கண் உலர்வு, உடல் முழுக்க நாள்பட்ட வலி, தன்னெதிர்ப்பு நோய் இருப்பவர்கள் கார்னியாவைத் தொடாமல் இருப்பதே மேல்.

கார்னியாவைத் தொடாத வழி

அதிக பவர், மெல்லிய கார்னியா, வறண்ட கண்: இந்த மூவருக்கும் ஐசிஎல் நல்ல மாற்று. வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்பது உண்மையான அனுகூலம். ஆனால் இது கண்ணுக்குள் செய்யும் அறுவை. தொற்று வந்தால் கண்ணுக்குள்ளேயே வரும். அது மிக அரிது, வந்தால் கண்ணே போகலாம்.

இதில் தலையெழுத்து சைஸில் இருக்கிறது. செருகிய லென்சுக்கும் இயற்கை லென்சுக்கும் நடுவே 250 முதல் 750 மைக்ரான் இடைவெளி இருந்தால் நல்லது. குறைந்தால் உரசிக் கண்புரை, கூடினால் கருவிழி முன்னால் தள்ளப்பட்டு நீர் வடியும் கோணம் அடைபடும். புதிய வகையின் நடுவில் 0.36 மி.மீ. துளை இருப்பதால் நீர் ஓடும் வழி கிடைத்தது, கருவிழியில் தனியாகத் துளை போட வேண்டியதில்லை. ஆபரேஷன் அன்று சில மணி நேரத்துக்குள் தலைவலி, வாந்தி, கண் கல்லாக இறுகுவது போல் இருந்தால் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று பொருள். காலைவரை காத்திருக்கக் கூடாது. முன்னறை ஆழம், அதாவது கார்னியாவுக்கும் இயற்கை லென்சுக்கும் நடுவேயுள்ள தூரம், 2.8 முதல் 3 மி.மீ.க்குக் குறைந்தவருக்கு இந்த வழி இல்லை. கார்னியாவின் உள் செல்களை ஆண்டுதோறும் எண்ணிப் பார்க்க வேண்டும், வாழ்நாள் முழுக்க.

மறைந்து வரும் ஒன்று

லேசிக்கிற்குப் பின் ஸ்டீராய்டு விடும் சிலருக்கு ஓரிரு வாரத்தில் கண் அழுத்தம் ஏறும். மூடிக்கு அடியில் நீர் கோத்துப் பார்வை மங்கும். பார்ப்பதற்கு டிஎல்கே போலவே இருக்கும். டிஎல்கே என்று நினைத்து ஸ்டீராய்டைக் கூட்டினால் அழுத்தம் இன்னும் ஏறும். இதில் கொடுமை, கோத்த நீரின் மெத்தை காரணமாக மீட்டர் அழுத்தத்தைக் குறைவாகவே காட்டும். முதல் வாரத்துக்குப் பிறகு "டிஎல்கே" என்றால், நடுவில் மட்டுமல்லாமல் ஓரத்திலும் அழுத்தம் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

யாருக்கு எது

பவர் நடுத்தரம், தடிமன் தாராளம், கண்ணீர் நன்று, விடுப்பு இல்லை என்றால் லேசிக். அதே கண், அடிபடும் வேலை அல்லது தடிமன் விளிம்பில் என்றால் பிஆர்கே, ஒரு வாரம் ஒதுக்க முடிந்தால். லேசான உலர்வு, கிட்டப்பார்வை, கை பழகிய மருத்துவர் என்றால் ஸ்மைல். மைனஸ் 8, 10 என்று போனால் ஐசிஎல். படம் சந்தேகமாக இருந்தால் கார்னியாவில் செய்யும் மூன்றும் வேண்டாம், கண்ணாடியே போதும். நாற்பதை நெருங்கும் கிட்டப்பார்வைக்காரருக்கு ஒரு வார்த்தை: இப்போது கண்ணாடியைக் கழற்றினால் புத்தகம் படிக்கிறீர்களே, அந்த வசதி நான்கிலும் போய்விடும்.

அளவெடுக்கும் முன் மென்மையான கான்டாக்ட் லென்சை இரண்டு வாரமும் கடினமானதை நான்கு வாரமும் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் லென்ஸ் அழுத்திய வடிவத்தைத்தான் மெஷின் அளக்கும். ஒரு வருடத்தில் பவர் அரை டயாப்டருக்கு மேல் மாறியிருந்தால் தள்ளிப்போடுங்கள். கர்ப்பம், பாலூட்டும் காலத்திலும் அப்படியே.

ஆபரேஷனுக்கு முன் எடுத்த பவர், கார்னியா வளைவு, தடிமன், கண் அழுத்தம் ஆகியவற்றின் தாளை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் கண்புரைக்கு லென்ஸ் கணக்கிடும்போது செதுக்கிய கார்னியா கணக்கைத் தவறவைக்கும். மெலிந்த கார்னியாவில் அழுத்தமும் குறைவாகவே தெரியும், கிளாக்கோமா (பார்வை நரம்பைக் கெடுக்கும் கண் அழுத்த நோய்) கவனிக்கப்படாமல் போகலாம். அன்று புதிய மருத்துவர் கேட்கப்போகும் முதல் காகிதம் அதுதான்.