செகண்ட் ஹேண்ட் பெடல் ஸ்டீல் ஒண்ணு: 8 மாசம் வாசிச்ச பிறகு டோன், சஸ்டெயின் பத்தி

இந்த பெடல் ஸ்டீல் (படுக்கை வசமா வச்சு, ஸ்ட்ரிங் மேல ஸ்டீல் பாரை நகர்த்தி, பெடலால சுருதியை மாத்தி வாசிக்கற கிட்டார்) என் கைக்கு வந்து 8 மாசம் ஆச்சு, ஏறக்குறைய தினமும் வாசிக்கறேன், அதனால இப்ப ரிவ்யூ எழுதினா நியாயமா இருக்கும். எஸ்-10 மாடல், அதாவது ஒரே நெக், 10 ஸ்ட்ரிங், ஈ9ங்கற சுருதி அமைப்புல ட்யூனிங், 3 பெடல் (ஏ, பி, சி), முழங்காலால தள்ளற 4 நீ லீவர். பாடி மேப்பிள் மரம், மேல மைக்கா ஒட்டியிருக்கு, நெக் அலுமினியம், ஸ்கேல் 24 இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல, சேஞ்சர் (பெடலை மிதிச்சா ஸ்ட்ரிங்கோட சுருதியை மாத்தற பாகம்) ஆல்-புல் வகை. கம்பெனி பேரு எழுதலை, ஏன்னா நான் சொல்லப்போற குறைக்குப் பாதி காரணம் முன்னாடி வச்சிருந்தவர் அதை சுத்தம் பண்ணாம விட்டது.

வாங்கறதுக்கு முன்னாடி நான் விசாரிச்சது முழுக்க மரத்தைப் பத்திதான். மேப்பிளா, எந்த மாதிரி மேப்பிள், லாக்கர் அடிச்சதா மைக்கா ஒட்டினதா, இதையே ரெண்டு வாரம் கேட்டுட்டு இருந்தேன். இப்ப யாராவது என்னைக் கேட்டா, மரத்தை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல ஸ்ட்ரிங்கோட ரெண்டு முனையும் எது மேல உக்காந்திருக்குன்னு பாருங்கன்னு தான் சொல்வேன்.

ஏன்னா ஸ்ட்ரிங் அதிரும்போது அந்த சக்தி வெளியே போறது பெரும்பாலும் ரெண்டு முனை வழியாதான். முனை கெட்டியா, அசையாம இருந்தா அதிர்வு திரும்பி ஸ்ட்ரிங்குக்குள்ளயே வரும், சத்தம் ரொம்ப நேரம் நிக்கும், இதைத்தான் சஸ்டெயின்ங்கறோம், முனை லேசா ஆடினாலும் அங்கேயே கசிஞ்சு போயிடும். சாதாரண கிட்டார்ல பிரிட்ஜ் ஒரே இடத்துல இறுக்கமா நிக்குது, பிரச்சினை இல்ல. பெடல் ஸ்டீல்ல அப்படி நிக்கவே முடியாது, பெடலை மிதிச்சா ஸ்ட்ரிங் ஏறணும் இறங்கணும், அதுக்காக ஒரு முனை ஆக்ஸில்ல சுழலற அலுமினிய ஃபிங்கர் மேல வளைஞ்சு உக்காருது, இன்னொரு முனை நட்ல (ட்யூனிங் கீ பக்கம் ஸ்ட்ரிங் உக்கார்ற இடம்) இருக்கற ரோலர் மேல ஓடுது. ரெண்டு பக்கமும் நகர்ற பாகம்தான், அதனால அந்தப் பாகங்களை எவ்வளவு இறுக்கமா, சுத்தமா கடைஞ்சிருக்காங்கங்கறதுலதான் சஸ்டெயினோட பெரும்பகுதி இருக்கு.

இது எனக்குப் புத்தகத்துல இருந்து தெரியல, என் 3ஆவது ஸ்ட்ரிங் சொல்லிக்குடுத்தது. ஈ9ல 3ஆவதுதான் மெல்லிசு, ஜி ஷார்ப், தடிமன் பொதுவா .011 இன்ச். வாங்கின நாள்ல இருந்தே அது மட்டும் "சொய்ங்"னு ஒரு சித்தார் மாதிரி சத்தம் போட்டுட்டு சட்டுனு செத்துடும், பக்கத்துல இருக்கற 4ஆவது நல்லா மணி மாதிரி நிக்கும். புது ஸ்ட்ரிங் போட்டேன், பிக்கப்பை சந்தேகப்பட்டேன், கேபிளை மாத்தினேன், ஒண்ணும் மாறல. ஒரு நாள் ராத்திரி ஸ்ட்ரிங்கை மொத்தமா கழட்டிட்டு மொபைல் டார்ச்சை ஃபிங்கர் மேல சாய்வா அடிச்சுப் பார்த்தா, ஸ்ட்ரிங் உக்கார்ற இடத்துல முடி மெல்லிசுக்கு ஒரு பள்ளம். நகத்தை வச்சு இழுத்தா நகம் மாட்டுது. அந்தப் பக்கம் ரோலரைத் தொட்டா அது சுத்தவே இல்ல, பழைய எண்ணெயும் தூசியும் சேர்ந்து கருப்பா இறுகிப் போயிருக்கு.

ஃபிங்கர் மேல 1000 நம்பர் பேப்பர், அப்புறம் 2000, ஸ்ட்ரிங் ஓடற திசையிலேயே மெதுவா தேய்ச்சு, கடைசியா மெட்டல் பாலிஷ் போட்டேன், பேப்பர் தூள் சேஞ்சருக்குள்ள விழாம சுத்தியும் டேப் ஒட்டிக்கிட்டேன். ரோலரைக் கழட்டி லைட்டர் ஃப்ளூயிட்ல ஊறவச்சுத் துடைச்சு, ஒரே ஒரு சொட்டு மெல்லிசு எண்ணெய். அதே பழைய ஸ்ட்ரிங்கையே திரும்பப் போட்டு மீட்டினேன், அந்த சித்தார் சத்தம் சுத்தமா போச்சு, முன்னாடி மனசுக்குள்ள 6 எண்றதுக்குள்ள மறைஞ்சு போன நோட்டு 13, 14 வரைக்கும் நின்னுச்சு. மரம் அதே மரம், பிக்கப் அதே பிக்கப். அன்னைக்கு ரெண்டு மணி நேரம் அந்த ஒரு ஸ்ட்ரிங்கையே திரும்பத் திரும்ப மீட்டிக் கேட்டுட்டு இருந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

அடுத்தது ஆல்-புல் பத்தி. இதுல ஒவ்வொரு ஃபிங்கரும் ஒரே துண்டு இல்ல, ஏத்தறதுக்கு ஒண்ணு, இறக்கறதுக்கு ஒண்ணு, ரிவெட்ல சேர்ந்து, அடியில ஸ்பிரிங் பிடிச்சிருக்கும். ட்யூன் பண்ண ரொம்ப சுலபம், ஓரத்துல இருக்கற நைலான் நட்டை ரெஞ்சால திருப்பினா போதும். ஆனா இணைப்பு எத்தனை இருக்கோ அத்தனை இடத்துல அதிர்வு கசியலாம். பெடல் ஸ்டீல் கலைஞர் பட்டி எமன்ஸ் ஷோ-பட் கம்பெனில இருந்து வெளியே வந்து, ரான் லாஷ்லியோட சேர்ந்து 1960கள்ல கொண்டுவந்த எமன்ஸ் புஷ்-புல் கிட்டார்ல ஃபிங்கர் ஒரே துண்டு, பெடல் மிதிக்காத நேரத்துல அது பாடியோட கெட்டியா அழுந்தி நிக்கும். நண்பர் ஒருத்தர்கிட்ட ஒண்ணு இருக்கு, பக்கத்துல வச்சு வாசிச்சுப் பார்த்தோம். ஆம்ப்ல செருகாமலே கேட்டாலும் வித்தியாசம் தெரியுது, நோட்டு ஆரம்பிக்கற இடமே கூர்மையா, கனமா வருது. ஆனா அதுல ஒரு பெடல் மாற்றத்தை சரி பண்ணணும்னா கிட்டாரைக் கவுத்துப் போட்டு ராடும் ஸ்டாப்பும் திருப்பித் திருப்பி அரை நாள் போயிடும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, என் ஆல்-புல்லே போதும்னு மனசார சொல்றேன்.

மரத்துக்கு வர்றேன். 1930கள்லயே ரிக்கன்பேக்கர் முழுசா வார்த்த அலுமினியத்துல ஸ்டீல் கிட்டார் போட்டாங்க, பிறகு பேக்கலைட்ல போட்டதை இன்னைக்கும் டோனுக்காகவே தேடி வாங்கறாங்க. எம்எஸ்ஏ கம்பெனியோட மில்லேனியம்ங்கற பெடல் ஸ்டீல் மாடல்ல பாடி கார்பன் ஃபைபர். மரமே இல்லாம இவ்வளவு நல்லா பாடுதுன்னா மரம்தான் எல்லாம்னு சொல்ல முடியாது. அதுக்காக பாடிக்கு வேலையே இல்லன்னும் சொல்ல மாட்டேன், பாடி எந்த ஃப்ரீக்வென்சியை உறிஞ்சுக்குதோ அது சத்தத்துல குறையும், அதுதான் ஒவ்வொரு கிட்டாருக்கும் ஒரு குரல் குடுக்குது. லாக்கர் பாடி கொஞ்சம் மென்மை, மைக்கா கொஞ்சம் இறுக்கம்னு சொல்வாங்க, என் காதுக்கும் அப்படித்தான் படுது, ஆனா கண்ணைக் கட்டிட்டு கேட்டா பந்தயம் கட்ட மாட்டேன். நெக் விஷயம் அப்படி இல்ல, அலுமினிய நெக் பளிச்சுனு இருக்கு, மர நெக் போட்ட பழைய ஷோ-பட் சத்தம் உருண்டையா, வெதுவெதுப்பா இருக்கு, அந்த வித்தியாசத்தை நான் அடிச்சுச் சொல்வேன்.

பாடி பலமா இருக்கான்னு பார்க்க ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு, வாங்கற எல்லாரும் பண்ணுங்க. 4ஆவது ஸ்ட்ரிங் ஈயை மீட்டி ட்யூனரைப் பார்த்துக்கிட்டே ஏ, பி பெடல் ரெண்டையும் மிதிங்க. அந்தப் பெடல்கள் 4ஆவதைத் தொடவே தொடாது, இருந்தும் முள்ளு கீழே வரும், ஏன்னா இழுவையில பாடி வளையுது. என்னுதுல 4 சென்ட் (ஒரு சென்ட்னா அரை ஸ்வரத்துல நூத்துல ஒரு பங்கு) இறங்குது, காதுக்கு உறுத்தல. இதுவே 10க்கு மேல போனா நான் வாங்க மாட்டேன்.

பிக்கப் சிங்கிள் காயில், மீட்டர்ல 17 கிலோ ஓம் சொச்சம் காட்டுது. ஸ்ட்ரிங்குக்கு ரொம்ப ஒட்டி வச்சிருந்தாங்க, சத்தம் பெருசா இருந்துச்சு, ஆனா காந்தம் இழுக்கறதுல நோட்டு சீக்கிரம் தளர்ந்துச்சு. ஒரு தடிச்ச நாணயம் நுழையற அளவுக்கு இறக்கினேன், சத்தம் கொஞ்சம் குறைஞ்சாலும் நீளம் வந்துச்சு.

இன்னொண்ணு, சஸ்டெயினை சோதிக்கும்போது வால்யூம் பெடலைக் கழட்டிடுங்க. வாசிக்கும்போது நாம பாதி திறந்து வச்சு மீட்டிட்டு, நோட்டு தளரத் தளர மிதிச்சு ஏத்தறோம், அதுல மோசமான கிட்டார் கூட நல்ல கிட்டார் மாதிரி கேக்கும். பாரும் அப்படித்தான், பார் வச்சதும் ஸ்ட்ரிங்கோட ஒரு முனை நம்ம கையாயிடுது, கனமான ஸ்டீல் பாரை தளர்வில்லாம வச்சு பின்னாடி விரலால அடக்கினா ஒரு சத்தம், லேசா பிடிச்சா வேற சத்தம். ஓபன் ஸ்ட்ரிங்ல தான் கிட்டாரோட உண்மை தெரியும்.

சுத்தம் பண்ணின பிறகு இந்த கிட்டார் எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு, கொடுத்த காசுக்கு வருத்தமே இல்ல, விக்கற எண்ணமும் இல்ல. இப்ப 5ஆவது ஃபிங்கர்ல லேசா ஒரு கோடு தெரிய ஆரம்பிச்சிருக்கு, ஏ பெடலும் சி பெடலும் அதைத்தான் இழுக்குது, தேய்மானம் அங்கதான் முதல்ல வரும். நகம் இன்னும் மாட்டல. அடுத்த தடவை ஸ்ட்ரிங் மாத்தும்போது 2000 நம்பர் பேப்பர் எடுத்து வச்சிருக்கேன்.