தாய்மை நகைச்சுவை: காணொளியா, மேடையா?

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர்களான கிறிஸ்டின் ஹென்ஸ்லியும் ஜென் ஸ்மெட்லியும் ‘ஐ மாம் சோ ஹார்ட்’ என்ற பெயரில் இணையக் காணொளிகளில் தொடங்கி, மேடைச் சுற்றுப்பயணத்துக்கும் 2019-இல் நூலுக்கும் நகர்ந்தவர்கள். காணொளியின் பலம் அதன் நெருக்கம்: குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, இருட்டில் ஒலியைக் குறைத்துப் பார்க்கும் தாய்க்கு, நீச்சலுடைக்குள் தங்களைத் திணித்துக்கொள்ளப் போராடும் இரு தோழிகளின் திண்டாட்டம் தன் கதையாகவே தெரியும். ஆனால் ஓயாமல் புதிதாக எதையேனும் தர வேண்டியிருப்பதால், வீட்டின் அந்தரங்கமும் பிள்ளைகளின் முகமும் மெல்லச் சரக்காகிவிடும் அபாயம் அதில் உண்டு. மேடையிலோ பயணச் செலவும் பிள்ளைகளைப் பிரிந்திருக்கும் இரவுகளும் உண்டு. என்றாலும், ஒருவர் சொல்லத் தயங்கும் இடத்தில் மற்றவர் எடுத்துக்கொடுக்க, முன்பின் அறியாத தாய்மார்கள் அரங்கம் முழுவதும் ஒருசேரச் சிரிக்கும் அந்த நொடியை எந்தத் திரையும் தராது என்பதால், நான் மேடையையே தேர்ந்தெடுப்பேன்.