‘1000 வாட்’ பச்சை விளக்கு: இரவில் கணவாய் பிடிக்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மலேசியாவின் திரெங்கானுவில் ‘சண்டாட் சோத்தோங்’ எனப்படும், இரவில் தூண்டிலால் கணவாய் பிடிக்கும் பருவம் நெருங்கும் ஏப்ரல் மாதத்தில், தூண்டில் கடைகளிலும் இணையக் கடைகளிலும் நீருக்குள் இறக்கும் பச்சை விளக்குகள் குவிந்துவிடுகின்றன. அவற்றில் ஒன்றைக் கிள்ளானில் ஒரு கடையில் 380 வெள்ளிக்கு வாங்கினேன். மாராங் கடலில் இரண்டு மணி நேரம்கூட அது முழுதாக எரியவில்லை. கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் கோரிக்கை நிலுவையில் இருக்கிறது, அதோடு இதே சரக்கைப் பல கடைகள் பல பெயர்களில் விற்கின்றன.

பெட்டியின் மேல் ‘12 வோல்ட், 1000 வாட், ஐபி68, ஓராண்டு உத்தரவாதம்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். அந்தக் கணக்குப்படி இந்த விளக்குக்கு ஏறத்தாழ 83 ஆம்பியர் மின்சாரம் பாய வேண்டும். அதற்கு விரல் தடிமனில் கேபிள் வேண்டும். பெட்டியில் இருந்ததோ கைப்பேசிச் சார்ஜர் கம்பியைப் போன்ற மெல்லிய கம்பி. கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை வைத்துப் பார்த்தபோது 4 ஆம்பியரைக்கூட அது தொடவில்லை, அதாவது 50 வாட்டுக்கும் குறைவு. உண்மையிலேயே 1000 வாட் இழுக்கும் விளக்காக இருந்திருந்தால், எங்கள் படகில் இருக்கும் 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் படுத்துவிட்டிருக்கும் என்பது வேறு கதை.

இதைக் கேட்டதற்கு, பழைய 1000 வாட் பல்புக்கு ‘ஈடான’ வெளிச்சம் என்பதுதான் அதன் பொருள் என்று கடைக்காரர் விளக்கம் சொன்னார். அந்த விளக்கமும் நிற்காது. 1000 வாட் ஹாலஜன் பல்பு ஏறக்குறைய 20,000 லூமன் ஒளி தரும். நல்ல தரமான 50 வாட் எல்இடி 5,000 அல்லது 6,000 லூமன்தான் தரும். இதில் பத்து மீட்டர் நீளத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைக் கொடுத்திருந்ததால், போக வர இருபது மீட்டர் செம்பில் இரண்டரை வோல்ட்டுக்கு மேல் வீணாகி, விளக்குக்குப் போய்ச் சேர்ந்தது பத்து வோல்ட்டுக்கும் குறைவாகவே இருந்தது.

விளக்கு மினுக்கத் தொடங்கியதும் மேலே தூக்கிப் பார்த்தோம். குழாய்க்குள் கால்வாசிக்குக் கடல்நீர் நின்றது. கம்பி உள்ளே நுழையும் இடத்தில் ரப்பர் வளையமோ திருகு மூடியோ இல்லை. கைவினைப் பொருள்களுக்குப் பயன்படுத்தும் சூட்டுப் பசையைப் பிதுக்கி அடைத்திருந்தார்கள். நகத்தால் நெம்பியதும் அது முழுதாகக் கழன்று வந்தது, அடியில் செம்புக் கம்பி வெளிர்ப்பச்சையாகக் களிம்பேறியிருந்தது. ஐபி68 என்றால், ஒரு மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், உற்பத்தியாளர் குறிப்பிடும் நிபந்தனைகளின்படி, தொடர்ந்து மூழ்கியிருந்தாலும் தாங்க வேண்டும். எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்று எழுதாமல் வெறுமனே அந்த எழுத்துகளை மட்டும் அச்சிட்டால் அதற்கு மதிப்பே இல்லை. உப்பு அரிப்பைப் பற்றி அந்தக் குறியீடு எதுவும் சொல்வதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உத்தரவாதம் கேட்டுப் போனபோது கிடைத்த பதில்: “அண்ணே, தண்ணிக்கு வெளியே எரிய விட்டிருப்பீங்க. அதுக்கெல்லாம் வாரண்டி கிடையாது.” மூழ்கும் விளக்குகள் நீரால்தான் குளிர்கின்றன, வெளியே நெடுநேரம் எரிந்தால் கருகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் பெட்டியில் அப்படியோர் எச்சரிக்கை எங்கும் இல்லை, எங்கள் விளக்கு கருகவும் இல்லை. விளக்கின் உள்ளே நீர்தான் புகுந்திருந்தது. உடைந்த பசையையும் தேங்கிய நீரையும் காட்டிய பிறகும் அவர் அதே பாட்டைத்தான் பாடினார்.

பணத்தைவிட எனக்குக் கோபம் வந்தது ஃபியூஸ் விஷயத்தில்தான். பேட்டரியில் நேராகக் கவ்வும் இரண்டு கிளிப்புகள், இடையில் ஒன்றுமே இல்லை. உப்புநீர் புகுந்த கம்பி ஷார்ட் ஆனால், பெட்ரோல் தொட்டி இருக்கும் ஃபைபர் படகில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 4 ஆம்பியர் விளக்குக்கு, பேட்டரிக்கு மிக அருகில் 5 அல்லது 7.5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். சில வெள்ளிச் செலவு.

கடைக்காரர் கொடுத்த ஆலோசனைகளும் சரக்கைப் போலவே இருந்தன. கூடுதலாக 120 வெள்ளி கொடுத்தால் சிவப்பு உட்பட நிறம் மாறும் ரிமோட் வகையைத் தருவதாகச் சொன்னார். கடல்நீர் முதலில் விழுங்குவதே சிவப்பு ஒளியைத்தான். கணவாயின் கண்ணோ நீலப்பச்சைக்கே கூர்மையானது. பச்சைப் பட்டை விளக்கைப் படகின் கம்பத்தில் உயரக் கட்டச் சொன்னது அதைவிட மோசம். கடலில் பச்சை என்பது படகின் வலப்புறம், சிவப்பு இடப்புறம். கடல் மோதல் தவிர்ப்புக்கான 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகளில் 20ஆவது விதி, இந்த அடையாள விளக்குகளோடு குழப்பக்கூடிய வேறு விளக்குகளைச் சூரியன் மறைந்தபின் காட்டக் கூடாது என்கிறது. எங்கள் தெக்கோங், அதாவது படகோட்டி, தம் வெள்ளை விளக்குகளை இரு பக்கமும் தாழ்வாக, நீரை நோக்கிக் கவிழ்த்துத்தான் கட்டுகிறார். கணவாய் வெளிச்சத்தின் நடுவில் நிற்பதில்லை, படகின் நிழல் ஓரத்தில் பதுங்கியிருந்து வெளிச்சத்துக்கு வரும் குஞ்சு மீன்களின் மேல் பாய்கிறது. ஆகவே தூண்டிலையும் அந்த நிழல் விளிம்பில்தான் இறக்கச் சொல்வார். முழுநிலவு நாள்களில் எந்த விளக்கும் அவ்வளவாக எடுபடாது என்பதும் அவர் சொன்னதே.

இதேபோல் ஏமாந்தவர்கள் ரசீதையும் பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். விற்பனைப் பக்கத்தைப் படம்பிடித்து வையுங்கள், மீட்டர் காட்டும் ஆம்பியரையும் காணொளியாக எடுங்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் அதன் விவரிப்போடு பொருந்த வேண்டும். நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

நான் கோரிக்கை பதிந்த பிறகு அந்தக் கடையின் இணையப் பக்கத்தில் அதே படத்தோடு, புதுப் பெயரில், ‘1500 வாட்’ என்று அதே விளக்கு ஏறியிருக்கிறது. லூமனோ ஆம்பியரோ எங்கும் போட்டிருக்காது, கம்பி நுழையுமிடத்தில் பால்நிறப் பசை தெரியும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே அடையாளம் கண்டுவிடலாம்.